ஒரு பக்கம் மட்டும் வெட்டி இழுக்கிறதா? முதலில் விரலைக் குத்தி சுகர் பாருங்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். இதுவரை வலிப்பு என்ற ஒன்றே வராதவர். திடீரென்று ஒரு நாள் அவருடைய வலது கை மட்டும் துடிக்க ஆரம்பிக்கிறது. கட்டை விரலில் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி, வாயின் ஓரத்தை ஒரு பக்கமாக இழுக்கிறது. ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அதே துடிப்பு. ஆள் நினைவோடுதான் இருக்கிறார். "கை தானா ஆடுதுப்பா, நிறுத்த முடியல" என்று அவரே சொல்கிறார். வீட்டில் ஒருவர் பக்கவாதம் என்கிறார், இன்னொருவர் காக்காய் வலிப்பு என்கிறார், மூன்றாவது ஆள் மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்கிறார். தலை ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. வலிப்பு மாத்திரை கொடுத்தும் துடிப்பு அடங்குவதில்லை. கடைசியில் யாரோ ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிறார்கள். 500-க்கு மேல் நிற்கிறது.

சர்க்கரை தாழ்ந்தால் வலிப்பு வரும் என்பது பலருக்குத் தெரியும். மிக அதிகமாக ஏறினாலும் வரும் என்பது தெரிந்தவர்கள் குறைவு. நரம்பியல் மருத்துவர்கள் 1965-லேயே இப்படிப்பட்ட ஏழு நோயாளிகளைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் சர்க்கரை நோயையும் வலிப்பையும் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை. சிலருக்குத் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இந்தத் துடிப்பு வந்த அன்றுதான் தெரியவருகிறது. சரியான நேரத்தில் ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதித்திருந்தால் பல நாள் அலைச்சலும், தேவையில்லாமல் வருடக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளும் மிச்சமாகும். என்ன நடக்கிறது, அந்த நேரத்தில் என்ன செய்வது, எங்கே போவது, அப்புறம் வீட்டில் எப்படி இருப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்ற படிகள் தானாக மனதில் நிற்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடியாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம். இது நாள்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு வற்றிப்போகிறது, ரத்தம் அடர்த்தியாகிறது. அடர்த்தியான ரத்தம் மூளை செல்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விட்டுச் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான்.

மூளையில் நரம்புத் துடிப்பை அடக்கி வைக்க 'காபா' என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. சர்க்கரை ஏறி இன்சுலின் வேலை செய்யாத நிலையில் இந்தக் காபாவின் அளவு குறைகிறது என்பதுதான் மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்லும் விளக்கம். அடக்கும் பொருள் குறைந்தால் துடிப்பு கிளம்பும்.

ஆச்சரியமான இன்னொரு விஷயமும் இருக்கிறது. சர்க்கரை ஏறும்போது சிலருக்குக் கீட்டோன் என்ற அமிலப் பொருளும் சேரும். முதல் வகை சர்க்கரை நோயில், அதாவது சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசி போடுகிறவர்களிடம், இதை அதிகம் பார்க்கலாம். கீட்டோன் தன் பங்குக்கு வேறு ஆபத்துகளைக் கொண்டுவந்தாலும், வலிப்பை ஓரளவு தடுக்கிறது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள குழந்தைகளுக்குக் கீட்டோன் உண்டாக்கும் உணவுமுறையை 1920-களிலிருந்து மருத்துவர்கள் பயன்படுத்துவது இந்தக் குணத்தை நம்பித்தான். கீட்டோன் சேராமல் சர்க்கரை மட்டும் ஏறிக்கிடக்கும்போதுதான் வலிப்பு எளிதாக வருகிறது. இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ள, வயதான, உடல் வற்றிப்போன ஆட்களிடம் இதைப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

இந்த வலிப்பு வருவதற்குச் சர்க்கரை ஆயிரத்தைத் தொட வேண்டும் என்று அவசியமில்லை. 600-க்கு மேல் போய், ஆள் மயங்கிக் கிடக்கும் கடைசி நிலைக்கு முன்பே, 300-களிலும் 400-களிலும்கூட வந்திருக்கிறது. அந்த வகையில் இது ஒரு முன்னெச்சரிக்கை. துடிப்பு வரும்போதே பிடித்துவிட்டால் மயக்க நிலை வரை போகாமல் தடுக்கலாம்.

படி 1: எப்படிப்பட்ட வலிப்பு என்று கவனியுங்கள்

வலிப்பு என்றதும் கீழே விழுந்து, கை கால் எல்லாம் வெட்டி, வாயில் நுரை தள்ளுவதுதான் நம் கண் முன் வரும். சர்க்கரை ஏறி வரும் வலிப்பு பெரும்பாலும் அப்படி ஆரம்பிப்பதில்லை. ஒரு கை, ஒரு கால், முகத்தின் ஒரு பக்கம், இப்படி ஓர் இடத்தில் மட்டும் துடிக்கும். நினைவு இருக்கும். விட்டு விட்டு வரும், ஒரு நாளில் பல முறை வரும். சிலருக்கு மணிக்கணக்கில் நிற்காமல் விரல் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். கையைத் தூக்கினால் அல்லது ஒரு குறிப்பிட்ட மாதிரி அசைத்தால் மட்டும் துடிப்பு கிளம்புவதும் உண்டு. பேச்சு ஒரு நிமிடம் நின்று திரும்ப வரலாம்.

குறைவாகப் பேசப்படுவது கண் தொடர்பானது. மூளையின் பின்பக்கத்தில் வலிப்பு வந்தால், பார்வையின் ஒரே பக்கத்தில் வண்ண வண்ணமாகப் பொட்டுகள், மின்னும் வெளிச்சம், சில சமயம் இல்லாத உருவங்கள்கூடத் தெரியும். வயதான அம்மா ஒருவர் "அந்த மூலையில் யாரோ நிக்கிறாங்க" என்று சொன்னால் நம் ஊரில் வேப்பிலை அடிக்கத்தான் ஓடுவோம். தயவுசெய்து அதற்கு முன்னால் சுகர் பாருங்கள். பேயோட்டுவதில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த உடம்பிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

துடிப்பு நின்ற பிறகு அந்தக் கை சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும், பலம் இல்லாமல் தொங்கலாம். பக்கவாதம் போலவே இருக்கும். வலிப்புக்குப் பின் வந்த தளர்ச்சியா, உண்மையான பக்கவாதமா என்று வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, முயலவும் வேண்டாம். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முதல் நான்கரை மணி நேரம்தான் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் உடனே கிளம்புங்கள்.

படி 2: துடிப்பு நடக்கும் அந்த நிமிடங்களில்

நினைவோடு இருந்தால் தரையில் உட்கார வையுங்கள். அடுப்பு, கிணற்று மேடு, மாடிப்படி, அரிவாள்மனை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கைப்பேசியில் வீடியோ எடுக்கட்டும். கூச்சப்பட வேண்டாம். நரம்பியல் மருத்துவருக்கு அந்த இருபது விநாடி வீடியோ சொல்லும் அளவுக்கு நம் வாய் வார்த்தை சொல்லாது. எந்தப் பக்கம் ஆரம்பித்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கூப்பிட்டால் பதில் வந்ததா என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும்.

நினைவு தப்பி உடம்பு முழுதும் வெட்டினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மடித்த துண்டு. சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். கையில் சாவிக்கொத்து, இரும்புக் கம்பி திணிப்பதால் ஒரு பலனும் இல்லை, கை கிழிவதுதான் மிச்சம். செருப்பு, வெங்காயம் முகரக் கொடுப்பதும் அப்படியே. பல்லுக்கு இடையில் கரண்டி, துணி எதையும் வைக்காதீர்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். முழு நினைவு வரும் வரை வாயில் தண்ணீர், சோடா, மாத்திரை, சர்க்கரை எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால், ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தால், மூச்சு திணறினால், உடனே 108. வாழ்க்கையில் முதல் முறையாக வருகிற வலிப்பு என்றாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுவதே நல்லது. அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பக்கம் இருப்பவர்கள் ஐந்து நிமிடம் எண்ணிக்கொண்டிருக்கவே கூடாது. வண்டி வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் எடுத்து, துடிப்பு ஆரம்பித்ததும் கூப்பிட்டுவிடுங்கள்.

கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு அந்த நொடியே மருத்துவமனை. அது ரத்த அழுத்தத்தோடு வரும் ஜன்னியாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு.

படி 3: விரலைக் குத்திப் பாருங்கள்

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் துடிப்பு அடங்கியதும் பாருங்கள். நினைவு தப்பியவருக்கும் பார்க்கலாம், வாயில் எதுவும் தருவதில்லையே. மீட்டர் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். இன்று தெருவுக்கு ஒருவர் வீட்டிலாவது இருக்கிறது. 108 வண்டியில் வருகிற மருத்துவ உதவியாளரிடம் "முதல்ல சுகர் பாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள்.

கையைத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு குத்துங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் சீசனில் மாம்பழம் நறுக்கிய கையோடு, மாங்கூழ் ஆலையில் வேலை முடித்து வந்த கையோடு குத்தினால் விரலில் ஒட்டிய பழச்சாறே சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். தாழ்ந்துகிடக்கும் ஒருவருக்கு மீட்டர் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றிவிடும்.

எண்ணை எப்படிப் படிப்பது? 70-க்குக் கீழ் என்றால் தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழ் என்றால் ஆபத்து. 300-க்கு மேல், கூடவே ஒரு பக்கத் துடிப்பு, தாகம், அசதி, குழப்பமான பேச்சு இருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை சர்க்கரைதான் குற்றவாளி என்று எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். திரையில் எண்ணே வராமல் 'ஹை' என்ற ஆங்கிலச் சொல் மட்டும் வந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கி வைக்காதீர்கள். அந்த மீட்டரால் அளக்க முடியாத உயரத்துக்குச் சர்க்கரை போய்விட்டது என்று பொருள். பெரும்பாலான மீட்டர்களில் அந்த எல்லை 600. அது அவசர நிலை.

110, 160, 210 என்று, தாழாமலும் பெரிதாக ஏறாமலும் இருந்தால்? அப்போது இந்த வலிப்புக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. பழைய பக்கவாதத் தழும்பு, மூளையில் நாடாப்புழுக் கட்டி, தலையில் அடி, சோடியம் குறைவு, தினமும் குடித்தவர் திடீரென நிறுத்திய இரண்டு நாளுக்குள் வரும் வலிப்பு என்று பட்டியல் நீளம். சர்க்கரை நோயாளிக்கு வருகிற எல்லா வலிப்பும் சர்க்கரையால் வருவதில்லை.

படி 4: தாழ்ந்ததா, ஏறியதா? இந்தக் குழப்பத்தில் என்ன செய்வது

மீட்டர் எங்கும் கிடைக்கவில்லை. சர்க்கரை கொடுக்கலாமா வேண்டாமா? எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. தெளிவாகவே சொல்கிறேன்.

நடைமுறையில் தாழ்சர்க்கரையால் வருகிற வலிப்பே அதிகம். அதன் வருகை வேகமானது. அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், பசிக்கும், பேச்சு தடுமாறும், பிறகு நினைவு தப்பி உடம்பு முழுவதும் வெட்டும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவர், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு வயலுக்குப் போனவர், சிறுநீரகம் பலவீனமாகியும் பழைய அளவு மாத்திரையையே தொடர்பவர், இவர்களுக்குத்தான் இது அதிகம்.

சர்க்கரை ஏறி வரும் வலிப்போ மெதுவாக வருவது. அதற்கு முன்னால் பல நாள் தாகம், இரவில் நான்கைந்து முறை சிறுநீர், நாக்கு வறண்டு ஒட்டுதல், எடை குறைதல், சோர்வு என்று ஒரு கதை இருக்கும். தோல் வேர்க்காது, வறண்டு கிடக்கும்.

மீட்டர் இல்லை, ஆள் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், வேர்த்திருக்கிறது, விழுங்கும் அளவுக்கு நினைவு இருக்கிறது என்றால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிடுங்கள். தாழ்சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால் அது மூளையைக் கெடுக்கும். ஏற்கெனவே 500-ல் இருப்பவருக்கு இந்த மூன்று கரண்டி பெரிய வித்தியாசம் செய்யாது. பதினைந்து நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் மறுபடி மறுபடி சர்க்கரை கொடுத்துக்கொண்டு உட்காராமல் கிளம்புங்கள்.

மீட்டர் இருந்து, அது உயர்ந்த எண்ணைக் காட்டினால் குளுக்கோஸ் தண்ணீர், ஜூஸ், இளநீர் எதுவும் வேண்டாம். அதே போல, எண் 500 என்று பார்த்த பதற்றத்தில் வீட்டில் இருக்கும் இன்சுலினைக் கூடுதலாக ஏற்றிப் போடவும் வேண்டாம். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது சர்க்கரையை மட்டும் மடமடவென்று இறக்கினால் ரத்த அழுத்தம் விழும், பொட்டாசியம் இறங்கும், மூளையில் நீர் கோக்கக்கூடும். ஆள் தெளிவாக இருந்து, வாந்தி இல்லாமல் விழுங்க முடிந்தால், போகும் வழியில் வெறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம். இதய, சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு குறைத்துச் சொல்லப்பட்டவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

படி 5: எங்கே போவது, போனதும் என்ன சொல்வது

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்ப்பார்கள், சலைன் ஏற்றுவார்கள், வலிப்பை நிறுத்த ஊசி போடுவார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு அதுவே உயிர் காக்கும் முதல் நிறுத்தம். ஆனால் அங்கேயே படுத்துக் குணமாகிற நோய் இல்லை இது. மணிக்கு ஒரு முறை சர்க்கரை, சில மணி நேரத்துக்கு ஒரு முறை சோடியம், பொட்டாசியம் என்று பார்க்க வேண்டும். அதனால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இருப்பவர்கள் சேலத்துக்கும், ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்கள் பெங்களூருக்கும் போவது வழக்கம். பெங்களூர் நிமான்ஸ் நரம்பியலுக்குப் பேர்போன இடம்தான். ஆனால் சர்க்கரை 'ஹை' என்று காட்டும் ஒருவரை, பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைகளைத் தாண்டி, ஒரு சலைன்கூட ஏற்றாமல் நேராகப் பெங்களூருக்குக் காரில் ஏற்றிச் செல்லாதீர்கள். முதல் வேலை தண்ணீரும் இன்சுலினும். நரம்பியல் ஆலோசனையை அதற்கப்புறம் நிதானமாக வைத்துக்கொள்ளலாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் (முட்டி வலிக்கு வாங்கும் பொட்டலம், நாட்டு மருந்துப் பொடி உட்பட), பழைய சர்க்கரைச் சீட்டு, எடுத்த வீடியோ, மீட்டர் காட்டிய எண்ணும் நேரமும். மருத்துவரிடம் இப்படிச் சொல்லலாம்: "சார், அப்பாவுக்கு நேத்து ராத்திரியிலிருந்து வலது கை மட்டும் விட்டு விட்டு வெட்டுது. நினைவு இருக்கு. ஒரு வாரமா தாகம் அதிகம். காலையில மீட்டர்ல 480 காட்டுச்சு." நாலே வரி போதும், தேவையான எல்லாம் அதில் இருக்கிறது.

படி 6: மருத்துவமனையில் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

சலைன் ஏற்றுவார்கள். முற்றிய நிலையில் பெரியவர் ஒருவரின் உடம்பில் பல லிட்டர் நீர் குறைந்திருக்கும், அதனால் பாட்டில் மேல் பாட்டிலாக ஏறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்சுலினைச் சிறுகச் சிறுகக் கொடுத்து மணிக்கு ஏறத்தாழ 50 முதல் 70 மில்லிகிராம் வீதம் சர்க்கரையை இறக்குவார்கள். "ஏன் இன்னும் 400-லயே இருக்கு" என்று செவிலியரை நெருக்காதீர்கள், மெதுவாக இறக்குவதுதான் பாதுகாப்பு. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், யூரியா, கீட்டோன், ஹெச்பிஏ1சி பார்ப்பார்கள். ஹெச்பிஏ1சி கடந்த மூன்று மாதத்தின் கணக்கைச் சொல்லும். சர்க்கரை நோய் இருந்ததே தெரியாதவர்களுக்கு உண்மை நிலவரம் அதில்தான் வெளிவரும். சளியா, சிறுநீர்த் தொற்றா, கால் புண்ணா என்று சர்க்கரையை ஏற்றிவிட்ட காரணத்தையும் தேடுவார்கள்.

தலை ஸ்கேன் அவசியம்தான். சி.டி. பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் சிலருக்கு மூளைப் புறணியின், அதாவது மூளையின் மேலடுக்கின், அடியில் ஒரு பகுதி வழக்கத்துக்கு மாறாகக் கறுத்துத் தெரியும். சர்க்கரை சீரான பிறகு இது மறையக்கூடியது. ஸ்கேனில் எதுவும் இல்லை என்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது.

துடிப்பு கடுமையாக இருந்தால் வலிப்பை நிறுத்தும் ஊசி போடுவார்கள், போட வேண்டியதுதான். ஆனால் இந்த வகை வலிப்பில் வழக்கமான வலிப்பு மருந்துகள் மட்டும் சரியாகக் கேட்பதில்லை. குறிப்பாக ஃபெனிடாயின், எப்டாயின் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த மருந்து, இன்சுலின் சுரப்பைக் குறைத்துச் சர்க்கரையை இன்னும் ஏற்றக்கூடும். முடிவு மருத்துவருடையது. ஆனாலும் "டாக்டர், சுகர் 500 இருக்கே, இவருக்கு ஃபெனிடாயின் சரிப்படுமா, வேற மருந்து கொடுக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே வலிப்பு நோய்க்காக இதே மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு பலமாகத் திரும்பும்.

சர்க்கரை இறங்கி, உடம்பில் நீர் ஏறியதும் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் துடிப்பு அடங்கிவிடும். சிலருக்குச் சில நாள் கூடுதலாகும்.

சர்க்கரை மிக அதிகமாக ஏறிய முதியவர்களில் சிலருக்கு, பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஒரு பக்கக் கையும் காலும் வீசி வீசி ஆடும். நடனம் மாதிரி நெளியும், தூங்கும்போது நின்றுவிடும். இது வலிப்பு இல்லை, மூளையின் வேறு பகுதியில் வருகிற கோளாறு. ஆனால் இதற்கும் முதல் வைத்தியம் சர்க்கரையை இறக்குவதே.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு, வலிப்பு மாத்திரை எத்தனை நாள்?

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். சர்க்கரை ஏறியதால் மட்டும் வந்த வலிப்பு, மருத்துவக் கணக்கில் வலிப்பு நோய் ஆகாது. காரணம் தெரிந்த, காரணம் நீங்கினால் நிற்கிற வலிப்பு அது. மூளையில் வேறு தழும்போ கட்டியோ இல்லையென்றால் ஆயுளுக்கும் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. மருத்துவர் சில வாரம், சில மாதம் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். சீட்டில் "எப்போது மறுபரிசீலனை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அது எழுதப்படாததால் மருந்துக்கடையில் அதே சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காரணமில்லாமல் "வலிப்புக்காரர்" என்ற பெயரைச் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் நம் ஊரில் எவ்வளவு கனம் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் கேட்காமலும் இருக்கக் கூடாது.

மருத்துவர் சரி என்று சொல்லும் வரை பைக், டிராக்டர் ஓட்ட வேண்டாம். கிணற்றில் இறங்குவது, மரம் ஏறுவது, தனியாக ஏரியில் குளிப்பது வேண்டாம். தனியாக அடுப்பு வேலை செய்யும் அம்மாக்களுக்குக் கூட ஒருவர் இருக்கட்டும்.

படி 8: மறுபடி அந்த உயரத்துக்குப் போகாமல் இருக்க

சர்க்கரை சும்மா ஒருநாளில் 500-க்கு ஏறுவதில்லை. எங்கள் பக்கத்தில் அது ஏறுகிற வழிகள் எனக்குத் தெரிந்து சில உண்டு.

முதலாவது, மாத்திரையை நிறுத்துவது. "சுகர் நார்மல் ஆயிடுச்சு" என்று நிறுத்துவது, நாட்டு மருந்துக்கு மாறுவது, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன இடத்தில் தீர்ந்துபோய் வாங்காமல் விடுவது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான், 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வீட்டில் நடமாட முடியாத பெரியவர் இருந்தால் அவர் பெயர் பதிவாகி இருக்கிறதா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் நாள் வரைக்குமான மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இரண்டாவது, ஸ்டீராய்டு. இதை நான் அழுத்திச் சொல்வேன். முட்டி வலி, இடுப்பு வலி, இளைப்பு என்று கடையில் பெயர் தெரியாமல் வாங்கும் சின்ன மாத்திரையிலும், சில பொடிகளிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். வலி உடனே பறந்துவிடும், சர்க்கரையும் மேலே பறக்கும். மருத்துவரே தேவைக்காக ஸ்டீராய்டு கொடுத்தாலும் அந்த நாள்களில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள், முக்கியமாக மதியத்துக்கு மேல். காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் அந்த ஏற்றம் கண்ணில் படாமல் போகும்.

மூன்றாவது, தாகத்துக்குக் குடிக்கும் இனிப்பு. சர்க்கரை ஏறியதால்தான் தாகம். அந்தத் தாகத்துக்குக் கூல்டிரிங்க்ஸ், கரும்புச்சாறு, மாம்பழ ஜூஸ், குளுக்கோஸ் பொடி கரைத்த தண்ணீர் என்று குடித்தால் தாகம் இன்னும் கூடும். சித்திரை வைகாசி வெயிலில் இந்தச் சுழலுக்குள் விழுகிறவர்கள் பலர். அப்போதுதான் மாம்பழ சீசனும். தாகத்துக்குத் தண்ணீர், நீர்மோர், அவ்வளவுதான்.

களியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேழ்வரகு நல்ல தானியம், அரிசியைவிட நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம். ஆனால் அதிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். "களிதானே" என்று பெரிய உருண்டையாக இரண்டு தட்டில் விழுந்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஓர் அளவான உருண்டை, கூடவே நிறையக் கீரைக் கடைசல், கொள்ளு அல்லது தட்டைப்பயறுக் குழம்பு என்று சாப்பிடுங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கால் புண் வந்தால் சாப்பாடு குறைந்தாலும் சர்க்கரை ஏறும். "சாப்பிடவே இல்ல, எதுக்கு மாத்திரை" என்று நிறுத்திவிடாமல் ஒரு நாளைக்கு நான்கு முறை சர்க்கரை பார்த்து, அன்றே மருத்துவரைக் கேளுங்கள். மெட்ஃபார்மின் போன்ற சிலவற்றை வாந்தி பேதியின்போது தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார், இன்சுலினைத் தொடரச் சொல்வார். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு முறை கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே வலிப்பு நோய், கூடவே சர்க்கரை நோய் இரண்டும் உள்ளவர்கள் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். வலிப்பு வந்த நாளில் சர்க்கரை எவ்வளவு என்று அதில் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் ஒரு ஒழுங்கு தெரியலாம். சர்க்கரை 300 தாண்டும் நாள்களில் வலிப்பு கூடுகிறது என்று அந்த நோட்டு காட்டினால், வலிப்பு மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் மருத்துவர் இன்சுலினைச் சரிசெய்து பார்ப்பார்.

வீட்டில் இரண்டு விஷயம் இன்றைக்கே செய்யலாம். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் டப்பாவின் மேல் காலாவதித் தேதியைப் பாருங்கள், முடிந்திருந்தால் மாற்றுங்கள். அப்புறம், பெரியவரின் மாத்திரைப் பெயர்கள், கடைசியாகப் பார்த்த சர்க்கரை, சர்க்கரை உயர்ந்தபோது வலிப்பு வந்த விவரம், வீட்டில் யாரை அழைக்க வேண்டும் என்ற எண், இவ்வளவையும் ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வையுங்கள். சந்தையிலோ பேருந்திலோ துடிப்பு வந்தால், தூக்கிவிடும் ஆள் அந்தச் சீட்டைத்தான் முதலில் மருத்துவரிடம் காட்டுவார்.